ஒரு மணி முன்னால் நில்

கணியம்பாடி,
தை மாதம்.

அன்புள்ள தம்பிக்கு,

நீ பழைய துணியில் சுற்றி என் பட்டறை மேசையில் வைத்துவிட்டுப் போன உன் ரிமோட் கார் பிஸ்டனை நேற்றிரவு கடையைச் சாத்தின பிறகுதான் நிதானமாகப் பார்த்தேன். விளக்கைக் கீழே இறக்கி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கட்டைவிரல் நுனி அளவுதான் இருக்கிறது. ஆனால் நடந்ததையெல்லாம் அது தன்மேல் எழுதி வைத்திருக்கிறது. தலைப்பகுதி முழுக்க மணலை வாரி அடித்தது போலப் பொடிப்பொடிக் குழிகள். புகை வெளியேறும் வாசல் பக்கம் மேலிருந்து கீழாக நான்கைந்து கீறல்கள். கனெக்டிங் ராடின் கீழ்த்துளை வறுத்த காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போயிருக்கிறது. குளோ பிளக்கில் சுருள்கம்பியே இல்லை. அறுந்து சைலன்சர் வழியாகப் போய்விட்டது. நான்கு அடையாளமும் சொல்வது ஒன்றுதான்: எஞ்சின் லீனாக, அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் இல்லாமல் ஓடியிருக்கிறது. அதுவும் ஓரிரு சுற்று இல்லை, கிட்டத்தட்ட ஒரு டாங்க் முழுக்க.

"சனிக்கிழமை மத்தியானம் அவ்வளவு அருமையா ஓடுச்சே அண்ணா, ஞாயித்துக்கிழமை காலையில நான் கார்ப்பரேட்டர் ஊசியைத் தொடவே இல்லையே" என்று வாசலில் நின்று கேட்டாய். அப்போது இரண்டு வண்டி காத்திருந்தது, பதில் சொல்ல முடியவில்லை. நீ ஊசியைத் தொடாததுதான் காரணம். அதை ஒழுங்காக விளங்க வைக்க வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

சனிக்கிழமை நீ கல்லூரி மைதானத்தில் டியூன் செய்தபோது மணி இரண்டு. வெயில் 32 டிகிரியாவது இருந்திருக்கும். மறுநாள் போட்டி ஆரம்பித்தது காலை ஏழுக்கு முன்னால். மலைப்பக்கத்திலிருந்து பனி இறங்கி, பேருந்துகள் விளக்குப் போட்டுக்கொண்டு வந்த நேரம்; 18 டிகிரிக்கு மேல் இருக்காது. கார்ப்பரேட்டரின் தொண்டை இரண்டு நாளும் ஒரே அகலம்தான். ஆனால் குளிர்ந்த காற்று நெருக்கமானது. 32 டிகிரிக்கும் 18 டிகிரிக்கும் இடையில், அதே தொண்டைக்குள் போகும் காற்றின் எடை ஏறக்குறைய 5 சதவீதம் கூடிவிடும். காற்று கூடியது, எரிபொருள் கூடவில்லை. மத்தியானம் சரியாக இருந்த கலவை காலையில் லீனாகிவிட்டது.

போதாக்குறைக்கு, உன் டப்பா தீர்ந்துபோய் நண்பன் டப்பாவிலிருந்து ஊற்றினாய் என்று சொன்னாய். உன் எரிபொருளில் நைட்ரோமீத்தேன் 16 சதவீதம், அவனுடையதில் 25. இதை நீ பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போனாய். ஆனால் பாதிக் குற்றம் அங்கேதான் இருக்கிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். உன் எரிபொருளில் பெரும்பங்கான மெத்தனாலுக்கு 6.4 கிராம் போதும். நைட்ரோமீத்தேனுக்கு வெறும் 1.7 கிராம்; எரிவதற்கான ஆக்சிஜனில் ஒரு பங்கை அது தன் உடம்புக்குள்ளேயே கொண்டு வருகிறது. அதனால்தான் நைட்ரோ கூடக்கூட ஒரே காற்றுக்கு அதிக எரிபொருளை எரிக்கலாம், சக்தி கூடுகிறது. அதே காரணத்தால் நைட்ரோ கூடினால் ஊசியையும் கூடுதலாகத் திறந்தே ஆக வேண்டும். நீ திறக்கவில்லை. குளிர்ந்த காற்று ஒரு பக்கம், காரமான எரிபொருள் ஒரு பக்கம், நடுவில் முந்தின நாள் மத்தியானத்து ஊசி.

லீனாக ஓடினால் இவ்வளவு சேதம் ஏன் என்பதையும் தெரிந்துகொள். உன் அப்பாவின் ஸ்ப்ளெண்டரில் எண்ணெய் தனியாகக் கீழே கிடக்கிறது. பெட்ரோல் குறைந்தாலும் எண்ணெய் குறையாது. உன் கார் எஞ்சினுக்குத் தனி எண்ணெய் கிடையாது. விளக்கெண்ணெயோ செயற்கை எண்ணெயோ, அது எரிபொருளில் கரைந்துதான் வருகிறது. ஊசியை இறுக்கும்போது நீ சோற்றை மட்டும் குறைக்கவில்லை. எண்ணெயையும் குறைக்கிறாய், குளிர்ச்சியையும் குறைக்கிறாய். மெத்தனால் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சும். மண்பானைத் தண்ணீர் குளிர்கிறதே, அதே வேலைதான். எடைக்கு எடை பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வெப்பத்தை அது எடுத்துக்கொண்டு போகும். அந்தப் பானைத் தண்ணீரையும் நீ மூடிவிட்டாய்.

இன்னொன்று. இந்த எஞ்சினில் பொறி கிடையாது. பிளக்கில் இருப்பது பிளாட்டினம் கலந்த கம்பி. முதலில் ஒன்றரை வோல்ட் கொடுத்துச் சிவக்க வைக்கிறோம், பிறகு மெத்தனால் ஆவி பட்டுப் பட்டு அதுவே தணல் மாறாமல் இருந்துகொள்கிறது. அமெரிக்காவில் ரே ஆர்டன் 1940களின் கடைசியில் இதைக் கடைக்குக் கொண்டுவந்த பிறகுதான் சின்ன எஞ்சின்களிலிருந்து பேட்டரியும் காயிலும் ஒழிந்தன. பொறி இல்லாததால் எந்த நேரத்தில் பற்ற வேண்டும் என்று கட்டளையிட ஆளும் இல்லை. சூடு கூடினால் சீக்கிரமே பற்றிக்கொள்ளும். பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே வெடித்தால், அந்த அடி முழுவதும் அதன் தலையில் விழும். நீ கொண்டுவந்த பிஸ்டனில் மணல் அடித்தது போல இருக்கிற குழிகள் அவைதான்.

இவ்வளவு கெடுதல் நடந்தும் கார் மெதுவாக ஓடவில்லை பார். நன்றாக ஓடியது. எல்லாரையும் ஏமாற்றுவது இதுதான். அணையப் போகிற விளக்கு சுடர்விட்டு எரியும் என்பார்கள். லீனாகிற எஞ்சின் அப்படித்தான் பாடும். ஊசியை இறுக்க இறுக்க வேகம் ஏறும், சத்தம் மெலிந்து கூர்மையாகும், புகை மறையும், கைதட்டுவார்கள். நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற எஞ்சின் அந்த உச்சத்திலிருந்து விழுவதற்கு அதிக நேரம் எடுக்காது.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் ஆம்பூரில் இருந்தார். நாங்கள் உஸ்தாத் என்று கூப்பிடுவோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் பட்டறைக்குப் பையனாகப் போனேன். அன்றைக்கு அந்த ஊரில் டிவிஎஸ் 50 இல்லாத தெரு கிடையாது. பின்னால் பச்சைத் தோலைக் கட்டுக்கட்டாக ஏற்றிக்கொண்டு வருவார்கள். தோலில் போட்ட உப்பு கரைந்து சொட்டும், கார்ப்பரேட்டர் கிண்ணத்தின் திருகாணிகளைத் தின்றுவிடும். அவற்றை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழற்றுவதுதான் என் முதல் வேலை. இளவட்டங்கள் ஆர்.எக்ஸ். 100 வைத்திருப்பார்கள். எல்லாம் டூ ஸ்ட்ரோக், எல்லாவற்றிலும் எண்ணெய் பெட்ரோலோடு போய்த்தான் எரியும். உன் கார் எஞ்சினுக்கு அவை பெரியப்பா முறை.

மூன்று மாதம் உஸ்தாத் என் கையில் ஸ்க்ரூடிரைவர் தரவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்து அவர் திருகுவார். நான் சாலைக்கு எதிர்ப்பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவர் கைதட்டினால் ரிச்சா (எரிபொருள் கூடுதலா), லீனா என்று சொல்ல வேண்டும். முதலில் பத்துக்கு ஆறு தப்பும். பேருந்து போகும், ஷூ கம்பெனிச் சங்கு ஊதும், அதற்கு நடுவில் கேட்க வேண்டும். மூன்றாம் மாதம் பத்துக்கு ஒன்பது சரியாக வந்தது. அப்போதுதான் ஸ்க்ரூடிரைவரை நீட்டினார்.

கையில் வந்ததும் தலைக்கு ஏறிவிட்டது. ஒரு வாடிக்கையாளர் தன் ஆர்.எக்ஸ். 100க்குப் பிக்கப் பத்தவில்லை என்றார். உஸ்தாத் தொழுகைக்குப் போயிருந்தார். நான் ஸ்லைடு ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றி, மெயின் ஜெட்டையும் ஒரு எண் குறைத்துவிட்டேன். வண்டி பறந்தது. அவர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அன்றிரவு கண்ணமங்கலம் தாண்டி முழு வேகத்தில் போகும்போது பிஸ்டன் பிடித்துக்கொண்டது, பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. மணிக்கட்டு முறிந்து இரண்டு மாதம் வேலைக்குப் போக முடியாமல் கிடந்தார். செலவை உஸ்தாத் ஏற்றுக்கொண்டார். என்னிடம் சொன்னது ஒரே ஒரு வார்த்தை: "கேட்டது அவன் வாய், திருகினது உன் கை." முப்பது வருஷம் ஆகிவிட்டது, இன்றைக்கும் ஊசியில் ஸ்க்ரூடிரைவரை வைக்கும்போதெல்லாம் அது காதில் விழுகிறது. உன் எஞ்சின் போனதில் யாருக்கும் காயம் இல்லை. அதற்காகச் சந்தோஷப்படு.

இனி எப்படித் திருகுவது என்பதற்கு வருகிறேன்.

திருகுவதற்கு முன்னால் திருகாமல் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. உன் எஞ்சின் டாங்கிலிருந்து எரிபொருளை உறிஞ்சிக்கொள்வது மட்டும் இல்லை. சைலன்சரிலிருந்து வரும் ஒரு சின்ன ரப்பர் குழாய் புகையின் அழுத்தத்தை டாங்குக்குள் அனுப்பி எரிபொருளைத் தள்ளுகிறது. அந்தக் குழாயில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும், டாங்க் மூடியின் ரப்பர் காய்ந்திருந்தாலும், கார்ப்பரேட்டர் கழுத்து எஞ்சினில் உட்காரும் இடத்தில் ஓ ரிங் நசுங்கியிருந்தாலும் திருட்டுக் காற்று நுழையும், எஞ்சின் லீனாகும். அப்போது ஊசியை எவ்வளவு திறந்தாலும் ஒரு சுற்று நன்றாக இருக்கும், அடுத்த சுற்றில் மாறிவிடும். ஒரு செட்டிங்கில் நிற்கவே மாட்டேன் என்று அடம் பிடிக்கிற எஞ்சினைக் கண்டால் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வை, சோப்புத் தண்ணீரை எடு. காற்று வடிகட்டியின் ஸ்பாஞ்சைக் கழுவிக் காயவைத்து எண்ணெய் தடவு. நாகநதிப் பக்கம் மணலில் ஓட்டிவிட்டு வடிகட்டியைப் பார்க்காமல் அடுத்த டாங்க் ஊற்றுகிறவனுக்கு நான் ஊசியைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன்.

இதெல்லாம் சரியென்றால் எஞ்சினைச் சூடாக்கு. குளிர்ந்த எஞ்சினை டியூன் செய்யாதே. இரண்டு மூன்று நிமிடம் ஓடட்டும். முழு வேகத்துக்கான மெயின் ஊசியைக் கையேட்டில் சொன்ன அளவுக்குத் திறந்து, அதற்கும் மேலே கொஞ்சம் திறந்து வை. ஆரம்பம் எப்போதும் ரிச் பக்கத்திலிருந்துதான். வலப்பக்கம் திருகினால் லீன், இடப்பக்கம் திருகினால் ரிச். ஊசித் தலையில் இருக்கிற கீறலைக் கடிகாரத்தின் சின்ன முள் என்று நினைத்துக்கொள். ஒரு முறைக்கு ஒரு மணி அளவு, அதாவது முழுச் சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதற்கு மேல் ஒரே தடவையில் திருகவே கூடாது. திருகிவிட்டுக் காரை நீளமாக இரண்டு முறை முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்த மணி.

ரிச்சாக இருக்கும்போது கார் குழறும். வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுகிறவன் குரல் மாதிரி இருக்கும். புகை கெட்டியாக வரும், பின் டயரில் எண்ணெய் தெறிக்கும். ஒரு மணி இறுக்கு; குரல் தெளியும். இன்னொரு மணி, இன்னும் தெளியும். ஒவ்வொரு மணிக்கும் வேகம் கூடிக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் ஒரு மணி இறுக்கியும் வேகம் கூடாது, அல்லது கூடினதா இல்லையா என்றே சந்தேகம் வரும். அதுதான் வாசல். அந்த இடத்திலிருந்து ஒரு மணி பின்னால் வா. பனிக்காலக் காலையென்றால் இரண்டு மணி. அங்கே நில். முழு வேகத்தில் போகும்போது காருக்குப் பின்னால் ஊதுபத்திப் புகை போல நீலம் கலந்த மெல்லிய கோடு தெரிய வேண்டும். அது தெரிகிற வரைக்கும் எண்ணெய் போய்க்கொண்டிருக்கிறது. உன் நண்பன் காரில் புகை இல்லை, அவன் கார் உன்னுடையதைவிட நான்கு அடி முன்னால் போகிறது என்றால் போகட்டும்.

மெயின் ஊசி சரியான பிறகுதான் ஐடிலையும் கிளம்பும் வேகத்தையும் பார்க்கிற லோ ஊசி. வரிசையை மாற்றாதே, மேலே சரியில்லாமல் கீழே சரிசெய்வது நிற்காது. காரைப் பத்து நொடி ஐடிலில் விட்டுவிட்டுச் சட்டென்று திராட்டிலைக் கொடு. திக்கித் திணறிப் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பினால் லோ ரிச். அரை மணி இறுக்கு. ஒரு நொடி மூச்சடைத்து நின்றுவிட்டாலோ, படக்கென்று அணைந்தாலோ லீன், திற. வேகமாக ஓட்டி நிறுத்தினதும் எஞ்சின் சத்தம் உடனே இறங்காமல் கொஞ்ச நேரம் மேலேயே தொங்கிக்கொண்டிருந்தாலும் லோ லீன்தான். இதைப் பலர் நல்ல ஐடிலிங் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஒத்துப் பார்க்க ஒரு வழி: ஐடிலில் இருக்கும்போது கார்ப்பரேட்டருக்கு அருகில் எரிபொருள் குழாயை விரலால் அழுத்திப் பிடி. எஞ்சின் இரண்டு, மூன்று நொடி ஓடி, கடைசியில் சத்தம் லேசாக ஏறி, பிறகு அணைய வேண்டும். பிடித்தவுடனே அணைந்தால் லீன். ஐந்தாறு நொடி இழுத்துக்கொண்டே இருந்தால் ரிச். கடைசியாகத்தான் ஐடில் திருகாணி. மேலே இரண்டும் சரியாக இருந்தால் இதற்கு வேலை அதிகம் இருக்காது.

சூட்டை அளக்கிற துப்பாக்கி ஒன்று வாங்கி வைத்திருக்கிறாய். நல்லதுதான். பிளக் பக்கத்தில் 105 முதல் 125 டிகிரி வரை பெரும்பாலான எஞ்சினுக்குப் பொருந்தும். ஆனால் அந்த எண்ணைப் பிடிப்பதற்காக ஊசியைத் திருகாதே. மே மாதத்துக் கத்திரி வெயிலில், வேலூர் 40 டிகிரியைத் தாண்டி நிற்கும்போது, ரிச்சான எஞ்சினே சூடு காட்டும். கார்த்திகை மழைக்காலத்தில் லீனான எஞ்சின்கூட அடக்கமாகக் காட்டும். புகையும் சத்தமும் பிளக் கம்பியும் சொல்வதை முதலில் கேள், துப்பாக்கி அவற்றுக்குச் சாட்சி. துப்பாக்கி இல்லாத நாளில் எஞ்சின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடு. மூன்று நான்கு நொடியில் கொதித்து மறைந்தால் சரி. பட்டதும் தோசைக்கல்லில் தெளித்தது போலத் துள்ளி ஓடினால் உடனே நிறுத்து. பிளக்கைக் கழற்றிப் பார்க்கிற பழக்கமும் வேண்டும்: கம்பி ஈரமாகப் பளபளத்தால் ரிச், சாம்பல் பூத்து முறுக்கு மாறியிருந்தால் லீன்.

ஒரு நோட்டுப் போடு. தேதி, மணி, வெயிலா பனியா மழையா, எந்த எரிபொருள், எந்த பிளக், மூடினதிலிருந்து ஊசி எத்தனை சுற்று, புகை எப்படி. ஆறு மாதம் எழுதினால் இந்த ஊர்க் காற்று உனக்குப் பழகிவிடும். மழைக்கால ஈரக் காற்றில் ஆக்சிஜன் கொஞ்சம் குறைவு. எஞ்சின் ரிச் பக்கம் சாயும். ஏலகிரிக்குக் கொண்டுபோனால், ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். அங்கேயும் ரிச் பக்கம் சாயும், நீ இறுக்குவாய். அதில் ஆபத்தில்லை. அங்கே இறுக்கினதை அப்படியே கீழே கொண்டுவந்து கணியம்பாடியில் ஓட்டினால்தான் ஆபத்து. மத்தியானத்து ஊசியைக் காலையில் ஓட்டினாயே, அதே கணக்கு. இடமோ நேரமோ எரிபொருளோ மாறினால், முதலில் ஊசியை இரண்டு மணி திற, பிறகு மறுபடியும் மெதுவாக வா.

இதெல்லாம் படித்தால் வராது, கையில் வர வேண்டும் என்று நீ நினைப்பாய். உன் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார். உன் அப்பா ராணிப்பேட்டையில் தோல் செலக்ஷன் வேலையில் எத்தனை வருஷம்? ஒரு தடவை அவருக்குச் சாப்பாடு கொடுக்க நீ போனபோது கூடவே நானும் வந்தேன், நினைவிருக்கிறதா? மேசைமேல் தோலை விரித்து, கழுத்திலிருந்து வால் பக்கம் வரை உள்ளங்கையால் ஒரே தடவு. வயிற்றுப் பக்கம் வரும்போது கை கொஞ்சம் தயங்கியது. "இங்க லூஸ்" என்று சொல்லி அடுத்த அடுக்கில் போட்டார். பக்கத்தில் கனம் அளக்கிற கேஜ் இருந்தது. சந்தேகம் வந்த தோலுக்கு மட்டும் அதை எடுத்தார். கேஜ் 1.2 மில்லிமீட்டர் என்றது. அவரும் அதையேதான் சொல்லியிருந்தார். உனக்கு ஊசி பிடிபடாவிட்டால் என்னிடம் வருவதற்கு முன்னால் ஒரு நாள் லீவு போட்டு அவர் பக்கத்தில் நின்று பார். எந்தத் தோலைக் கடைசி அடுக்கில் போடுகிறார், எதற்காகக் கை நிற்கிறது என்று கேள். சொல்வார்.

இனி கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. எரிபொருள் விலை கட்டுப்படியாகவில்லை, மெத்தனால் கிடைத்தால் நாமே கலந்துகொள்ளலாமா என்று உன் கூட்டாளி கேட்டான். கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை. மெத்தனால் விஷம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். பிழைத்தவர்களில் பார்வை போனவர்கள் உண்டு. நம்மிடமிருந்து நாலு மணி நேரப் பயணம்கூட இல்லை அந்த ஊர். தமிழ்நாட்டில் மெத்தனால் வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும். நைட்ரோமீத்தேனையும் வெடிமருந்துக்குப் பயன்படக்கூடியது என்று உலகம் முழுக்கக் கண்காணிக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் 16 சதவீதத்துக்கு மேல் அது உள்ள எரிபொருளை உரிமம் இல்லாத ஆள் வாங்க முடியாது. முறையாக விற்கிற இடத்தில், சீல் வைத்த டப்பாவில், பில்லோடு வாங்கு. கட்டுப்படியாகவில்லையென்றால் மாதத்துக்கு ஒரு நாள் ஓட்டு.

தண்ணீர் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதே. உன் வீட்டில் தங்கை இருக்கிறாள், தாகத்துக்கு எதை எடுப்பாள் என்று உனக்குத் தெரியாது. மெத்தனால் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். கையுறை போடு, மூடின அறையில் எஞ்சினை ஓட்டாதே. பகல் வெளிச்சத்தில் மெத்தனால் தீ கண்ணுக்குத் தெரியாது. ஒன்றுமே எரியாதது போலிருக்கும், கை வெந்துவிடும். எரிபொருள் ஊற்றுகிற இடத்திலிருந்து பத்தடி தள்ளி ஈரச் சாக்கு ஒன்று எப்போதும் கிடக்கட்டும்.

அதோடு, ரிமோட்டை முதலில் போட்டுக் கடைசியில் அணை. சிக்னல் போனால் பிரேக் பிடிக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் ஓட்டுவதற்கு முன்னால் சோதித்துப் பார். மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள சாமான் கட்டுப்பாடு இழந்து கூட்டத்துக்குள் போனால் கால் எலும்பு முறியும்.

புது பிஸ்டனும் ஸ்லீவும் வாங்கி வைத்துவிட்டேன். பணத்தை மெதுவாகக் கொடு. இதை எப்படிப் பழக்குவது என்பதில் மட்டும் கவனமாக இரு. பித்தளை ஸ்லீவுக்கு உள்ளே குரோம் பூச்சு, அலுமினிய பிஸ்டன், ரிங் கிடையாது. ஸ்லீவின் மேற்பகுதி லேசாக ஒடுங்கியிருக்கும்; குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் இறுகிக்கொள்ளும். கையால் சுற்றினால் மேலே வந்து நின்றுவிடும். பழுது என்று பயப்படாதே, அப்படித்தான் இருக்க வேண்டும். சூடேறினால் ஸ்லீவ் விரிந்து அளவு சரியாகிவிடும். அதனால் முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால் ஹேர் டிரையரால் எஞ்சின் தலையை நன்றாகச் சூடாக்கு. குளிர்ந்த நிலையில் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தால் கனெக்டிங் ராடைத்தான் உடைப்பாய். பழக்குகிறேன் பேர்வழி என்று எஞ்சின் சூடே ஏறாத அளவுக்கு ரிச்சாக வைத்து மணிக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் கெடுதல், ஸ்லீவ் விரியாமல் பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் உரசித் தேயும். புகை நன்றாக வரட்டும், சூடும் 90 டிகிரிக்கு மேலே இருக்கட்டும். ஐந்து நிமிடம் ஓட்டு, பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்து முழுசாக ஆறவிடு, மறுபடி ஓட்டு. நான்கைந்து டாங்க் இப்படி. ஓட்டி முடித்த நாள் டாங்கைக் காலி செய்து, மிச்சத்தை எரித்து, கார்ப்பரேட்டர் வாயில் நாலு சொட்டு எண்ணெய் விட்டுச் சுற்றி வை. மெத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். அப்படியே மூடி வைத்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பேரிங் துருப்பிடித்திருக்கும்.

கார்ப்பரேட்டர் படித்து இனி என்ன பயன் என்று உன் வகுப்பில் யாரோ சொன்னதாகச் சொன்னாய். 2020 ஏப்ரல் முதல் தேதி பி.எஸ். 6 புகை விதி வந்த பிறகு புது பைக்குகளில் பெரும்பாலும் இன்ஜெக்டர்தான். டிவிஎஸ் எக்ஸ்எல்கூட மாறிவிட்டது. மறைமலை நகரில் மிகுனி தொழில்நுட்பத்தில் செய்த கார்ப்பரேட்டர்களைக் கழற்றி மாட்டியே நான் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். இன்றைக்கு என் பட்டறைக்கு வருவதில் பாதிக்கு லேப்டாப்தான் வேண்டியிருக்கிறது, அதையும் கற்றுக்கொண்டேன். ஆனால் இன்ஜெக்டரின் கம்ப்யூட்டர் என்ன செய்கிறது? காற்று எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது, புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா என்று நொடிக்குப் பல முறை பார்த்து எரிபொருளைக் கூட்டிக் குறைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை நீ செய்யாமல் விட்ட வேலை அதுதான். ஒரு தடவை கையால் செய்தவனுக்கு அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று விளங்கும். உன் வகுப்பில் சென்சாரின் பெயரை ஒப்பிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். அது பழுதானால் வண்டி எப்படிக் கத்தும் என்று கேட்டுச் சொல்லக்கூடியவனாக நீ இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

பழைய பிஸ்டனை உன் ரிமோட் பெட்டியிலேயே வை. பழைய இரும்புக்கடையில் பத்து ரூபாய்க்குக்கூடத் தேறாது, இருந்தாலும் எறியாதே.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு, பனி விலகுவதற்கு முன்னால் வந்துவிடு. போட்டி நேரம் எதுவோ அந்த நேரத்துக் காற்றில்தான் பழக வேண்டும். நோட்டு ஒன்று, ஹேர் டிரையர், நீ வழக்கமாக ஊற்றுகிற 16 சதவீத எரிபொருளில் புது டப்பா, இவற்றைக் கொண்டுவா. ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். முதல் இரண்டு டாங்க் நான் திருகுகிறேன். நீ சாலைக்கு எதிர்ப்பக்கம், டீக்கடை ஓரமாக, முதுகைக் காட்டிக்கொண்டு நில்.

அன்புடன்,
உன் மெக்கானிக் அண்ணன்